கேட்கப் பயப்படும் நல்ல மாணவிகள்

ரெகார்ட் நோட்டில் ஓர் அடித்தல் இருக்காது. தேர்விலும் முதலிடம். ஆனால் வார்டில் சந்தேகம் வந்தால் வாய் திறக்காது. நர்சிங் வகுப்பில் நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது இந்த மாணவியைப் பற்றித்தான்.

எதிலும் குறையே இருக்கக் கூடாது என்னும் பரிபூரணவாதத்தை 1991-ல் உளவியலாளர்கள் ஹெவிட், ஃப்ளெட் இருவரும் மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. வார்டில் ஆபத்தாவது மூன்றாவது. கேட்டால் திறமையில்லை என்று நினைப்பார்களோ என்ற பயம்.

500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சலைன் இறங்கும் குழாய் செட் மி.லி.க்கு 20 சொட்டு விழுவது என்றால் 500×20÷240 (4 மணி நேரம் 240 நிமிடம்), அதாவது நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. கையில் இருப்பது மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் என்றால் நிமிடத்துக்கு 125 சொட்டு. செட்டைக் கவனிக்காமல் 42 வைத்தால் பாட்டில் தீர ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். கணக்கு சரி, செட் வேறு. ஒரு கேள்வி கேட்டிருந்தால் தப்பியிருக்கும்.

'எனக்கு எதுவும் வராது' என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'செட்டின் சொட்டு அளவு தெரியவில்லை' என்றால் வழி பிறக்கும்: கவரைப் படிக்கலாம், சீனியரிடம் கேட்கலாம், சிஸ்டரிடம் கேட்கலாம். பாட்டிலை மாட்டுவதற்கு முன் இவற்றில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். கேட்கும்போது கணக்கோடு போங்கள்: "சிஸ்டர், 20 செட்டுக்கு 42 வருது, ஒரு தடவை பார்க்கிறீங்களா?" வேலை நெருக்கடியில் இருப்பவரும் இதற்கு உடனே பதில் சொல்லிவிடுவார்.

டியூட்டிக்கு முன் 'தப்பே செய்யக் கூடாது' என்று எழுதாதீர்கள். அதை எப்படிப் பயிற்சி செய்வது? 'சொட்டை முழு நிமிடம் எண்ணுவேன், 15 நிமிடம் கழித்து மறுபடி எண்ணுவேன்' என்று எழுதுங்கள். நோயாளி கையை மடக்கினாலே வேகம் மாறும். டியூட்டி முடிந்ததும் மூன்று வரி போதும்: என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன. அந்த 'ஏன்' வரியில் தன்னைத் திட்டிக்கொள்பவர்களே அதிகம். அங்கே வர வேண்டியது காரணம்.

நோயாளியின் அடையாளம், மருந்து, அளவு, மருந்து கொடுக்கும் வழி, நேரம், கைச் சுத்தம் இவற்றில் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நோயாளியின் பராமரிப்பைத் திட்டமிட்டு எழுதும் கேர் பிளானில் கலர் பேனா பார்டருக்காக இரவுத் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ரெகார்டில் அடித்தலுக்கு மார்க் குறைக்காதீர்கள். நோயாளியின் சார்ட்டில் தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை எழுதி, தேதி, நேரத்தோடு கையெழுத்திட வேண்டும். பழையது வாசிக்கும்படி இருக்க வேண்டும். அழிப்பதும் வைட்னர் பூசுவதும்தான் அங்கே தவறு.