பெர்கீசல் கோபுரத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள்

ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் போகிறவர்கள் பெரும்பாலும் பழைய நகரத்துத் தங்கக்கூரையைப் பார்த்துவிட்டு, கேபிள் காரில் நோர்ட்கெட்டே மலைக்கு ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். ஊருக்குத் தெற்கே குன்றின்மேல் நாகம் படமெடுத்த மாதிரி நிற்கிறதே, பெர்கீசல் ஸ்கீ ஜம்ப், அதாவது பனிச்சறுக்கு வீரர்கள் சரிவில் வேகமாகச் சறுக்கி வந்து காற்றில் தாவும் மேடை, அதை விட்டுவிடாதீர்கள்.

1964, 1976 என்று இரண்டு குளிர்கால ஒலிம்பிக்கிலும் இந்தக் குன்றில் தாவியிருக்கிறார்கள். பழையதை இடித்துவிட்டு, பாக்தாத்தில் பிறந்த ஸாஹா ஹதீத் வடிவமைத்த இப்போதைய கோபுரத்தை 2002-ல் கட்டி முடித்தார்கள். உயரம் சுமார் 50 மீட்டர். சரிவில் ஏறும் ரயில், அப்புறம் கோபுரத்துக்குள் லிஃப்ட், உச்சியில் காபிக்கடை, அதற்கு மேலே திறந்த மாடி. நகரம், இன் ஆறு, எதிரே சுவர் போல மலைத்தொடர் என எல்லாம் ஒரே பார்வையில் விழும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கீழே தெரியும் அந்தக் கட்டை.

ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு, ஓடுபாதைக்குக் குறுக்கே போட்ட வெறும் கட்டை. அதில் உட்கார்ந்து, பயிற்சியாளர் கொடியசைக்கும்வரை காத்திருக்கிறார்கள். காலடியில் இரண்டு கோடுகளாகத் தடம், நேராகக் கீழே போய் சட்டென்று முடிந்துவிடுகிறது. அந்த முனை மேல்நோக்கி வளைந்து ஆளைத் தூக்கி எறியும் என்றுதான் டிவியில் பார்க்கிற பலரும் நினைக்கிறோம், ஆனால் அது உண்மையில் கீழ்நோக்கியே சரிந்திருக்கிறது, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேரும் அந்த ஒரு நொடியில் தாவுவது முழுக்க அவர்களுடைய கால் பலம்தான். அங்கிருந்து நிமிர்ந்தால் நேர் எதிரே, நகரத்தின் விளிம்பில், வில்டன் கல்லறைத் தோட்டம் தெரிகிறது. தாவப்போகிறவர் கண்ணிலும் அதுதான் படும்!

காற்றையும் சொல்லியாக வேண்டும். ப்ரென்னர் கணவாய்ப் பக்கமிருந்து ஃபோன் என்ற வெப்பக்காற்று இந்தக் குன்றின்மேல்தான் வந்து மோதும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலுமாக நான்கு ஊர்களில் நடக்கும் ஸ்கீ ஜம்ப் போட்டியான நான்கு குன்றுகள் தொடரின் மூன்றாவது போட்டி ஜனவரித் தொடக்கத்தில் இங்கே நடக்கும், 2008-லும் 2022-லும் காற்று விடாததால் அதை, தொடரின் கடைசிப் போட்டி நடக்கும் ஊரான பிஷோஃப்ஸ்ஹோஃபனுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாடியில் நின்று சட்டை படபடக்கும்போது அந்த முடிவு எவ்வளவு சரி என்று புரியும்.

கோடையில் போனாலும் நஷ்டமில்லை. சரிவில் பிளாஸ்டிக் பாய் விரித்து, தண்ணீர் தெளித்துப் பயிற்சி செய்கிறார்கள். பயிற்சி நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், காபியைச் சீக்கிரம் குடித்து முடித்துவிட்டு வீரர்கள் வந்து இறங்கும் சரிவின் பக்கத்துப் படிகளுக்கு வந்துவிடுங்கள். அவர்கள் தலைக்கு மேல் எங்கோ பறப்பதில்லை, சரிவை ஒட்டி சில மீட்டர் உயரத்தில்தான் போகிறார்கள் என்பதை அங்கே நின்றால்தான் பார்க்க முடியும்.