நாலு ஃபைல், ஒரே ஆளு

வீடில்லாதவங்களுக்கான வேலைல நான் சேர்ந்து ரொம்ப நாள் வரைக்கும், ஊர்ல மொத்தம் எத்தனை பேர் ரோட்டுல படுக்கிறாங்கன்னு எங்க யாருக்குமே ஒழுங்கா தெரியாது. ஷெல்டர்ல ஒரு கணக்கு சொல்வாங்க, ஆஸ்பத்திரில ஒண்ணு, போலீஸ்கிட்ட ஒண்ணு, வருஷத்துல ஒரு நாள் ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் நாங்க தலை எண்ணுவோம், அது தனிக் கணக்கு. அப்புறம்தான் எல்லா அமைப்பும் ஒரே டேபிள்ல உக்காந்து, ஒவ்வொருத்தரையும் பேரோட ஒரே லிஸ்ட்ல ஏத்தணும்னு முடிவாச்சு. முதல் மீட்டிங்லயே மானம் போச்சு. ஒரு பெரியவர் நாலு ஆபீஸ்ல, நாலு ஸ்பெல்லிங்ல, நாலு ஃபைலா இருந்தாரு. நாலு பேரும் அவரை "பாத்துக்கிட்டு" இருந்தோம், அவரு பாட்டுக்கு ஆறு வருஷமா அதே பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல படுத்துட்டு இருந்தாரு.

குடிய நிறுத்து, ட்ரீட்மெண்ட் எடு, அப்புறம் வீடு, இதான் எங்க பழைய ரூல். 1992ல நியூயார்க்ல சாம் செம்பெரிஸ்ங்கிற சைக்காலஜிஸ்ட் ஆரம்பிச்ச அமைப்பு இதைத் தலைகீழாக்கி, முதல்ல சாவி, மத்ததெல்லாம் அப்புறம்னு செஞ்சு காட்டுச்சு. ஃபின்லாந்து 2008ல இதையே நாட்டுத் திட்டமாக்கி, பல ஷெல்டர்களை வாடகை வீடா மாத்திட்டாங்க. இந்த முறைக்கு ஹவுசிங் ஃபர்ஸ்ட்னு பேரு. கேக்க ஈஸிதான், நாங்க அதைச் செய்யப் போனப்போ எங்க கழுத்தறுத்தது ஐடி கார்டு. வாடகைப் பத்திரத்துக்கு ஐடி கேப்பாங்க, ஐடிக்கு அட்ரஸ் கேப்பாங்க, அட்ரஸ் இல்லாததுதானேய்யா பிரச்சனையே! கடைசில ஷெல்டர் அட்ரஸையே ஏத்துக்க வைக்க எத்தனை கவுண்டர் ஏறி இறங்கினேன்னு எனக்குத்தான் தெரியும்.

பெரியவருக்கு வீடு கிடைச்ச அன்னைக்கு சாவியக் கைல வச்சுக்கிட்டு, "காலைல எத்தனை மணிக்கு தம்பி வெளிய போகணும்?"னு கேட்டாரு. ஷெல்டர்ல விடிஞ்சதும் கிளப்பி விட்டுருவாங்க, அந்தப் பழக்கம். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, போகவே வேணாம்யான்னு ரெண்டு தடவ சொன்னேன்.

ஒருத்தர்கூட தெருவுக்கு வரமாட்டாங்கன்னு எந்த ஊரும் சொல்ல முடியாது, புதுசா வர்றவங்களைவிட வேகமா வீட்டுல சேக்குறோமாங்கிறதுதான் கணக்கு. அவர் பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்த அன்னைக்கே புதுசா மூணு பேர் ஏறியிருந்தாங்க. அதுல ஒருத்தர் பேரு ரெண்டு விதமா எழுதியிருந்துச்சு, ஷெல்டருக்குப் போன் போட்டு அவர்கிட்டயே கேட்டுட்டுதான் சேவ் பண்ணேன்.