எட்டு சித்தர்களும் ஒரு டம்ளர் தண்ணீரும்: ட்ரங்கன் மாஸ்டர் இரண்டையும் செய்து பார்த்த ஆறு வாரம்

ஜாக்கி சான் குடிகாரன் மாதிரித் தள்ளாடிச் சண்டை போடுகிற ட்ரங்கன் மாஸ்டர் படங்களில், 1978-இல் வந்த முதலாவது பெரிதா, 1994-இல் வந்த இரண்டாம் பாகம் பெரிதா? குங்ஃபூ படம் பார்க்கிற யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். டைம் பத்திரிகை 2005-இல் வெளியிட்ட நூறு படங்கள் பட்டியலிலும் இரண்டாவதுதான் இருக்கிறது. நானும் இத்தனை வருடம் அந்தக் கட்சிதான். ஆனால் பார்த்துப் பார்த்தே தீர்ப்பு சொல்லி அலுத்துவிட்டது. உடம்பில் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. வயது நாற்பத்து மூன்று, முட்டி பரவாயில்லை, இடுப்பு அவ்வளவு சரியில்லை. இடம் மொட்டைமாடி, நேரம் காலை ஐந்தரை. மது கிடையாது, டம்ளரில் தண்ணீர் மட்டும்.

முதல் வாரம்

முதல் படத்தை மூன்று தடவை பார்த்தேன். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அடங்காத பையன் வோங் ஃபெய்-ஹுங். அப்பாவால் சமாளிக்க முடியாமல், குடிகாரக் கிழவர் பிச்சைக்காரன் சோவிடம் பயிற்சிக்கு அனுப்புகிறார். பையன் தப்பி ஓடி, ஒரு கூலிக் கொலைகாரனிடம் மாட்டி அவமானப்பட்டு, கிழவரிடமே திரும்பி வந்து ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறான்.

இதில் குறும்பு எங்கே என்றால், வோங் ஃபெய்-ஹுங் நிஜ மனிதர். 1847-இல் பிறந்தவர், தென் சீனாவின் குவாங்டாங் பக்கத்து ஆசான், ஹுங் கார் என்கிற குங்ஃபூ பாணியைக் கற்றுத்தந்தவர், வைத்தியரும்கூட. ஹாங்காங் சினிமா 1949-லிருந்தே அவரைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. குவான் டாக்-ஹிங் அந்த வேடத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். எல்லாவற்றிலும் கைகட்டி நிற்க வைக்கிற பெரியவர். அப்படிப்பட்ட ஒருவரை, சாப்பாட்டுக்கடையில் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவப் பார்க்கிற விடலையாகக் காட்டினார் இயக்குநர் யூவென் வூ-பிங். பிச்சைக்காரன் சோவாக நடித்த யூவென் சியு-தியென் அவருடைய சொந்த அப்பா. அந்தச் சிவந்த மூக்கும் கலைந்த நரைமுடியும் இல்லாமல் இந்தப் படமே இல்லை. படம் வந்து சில மாதத்தில், 1979 ஜனவரியில், கிழவர் இறந்துவிட்டார்.

சரி, பயிற்சி. குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி கால்களை அகட்டித் தாழ்ந்து நிற்கும் நிலையில் ஆரம்பித்தேன். படத்தில் ஜாக்கி சான் தொடைமேலும் தலைமேலும் கிண்ணங்களை வைத்துக்கொண்டு நிற்பார். நான் எதையும் வைத்துக்கொள்ளாமலே முதல் நாள் முப்பத்தைந்து விநாடி. அப்புறம் தொடை தானாக ஆட ஆரம்பித்தது. வார முடிவில் ஒரு நிமிடம் பத்து விநாடி.

வால்நட்டை விரலால் உடைக்கிற பயிற்சியும் படத்தில் உண்டு. கால் கிலோ வாங்கினேன். ஒன்றுகூட அசையவில்லை. இரண்டை ஒரே உள்ளங்கையில் வைத்து ஒன்றோடொன்று அழுத்தினால் ஒன்று விரிசல் விடுகிறது, ஆனால் அது பலம் இல்லை, தந்திரம். மிச்சத்தை வீட்டில் கேக்கில் போட்டுவிட்டார்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கீழே இருக்கிற தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் மொண்டு, வயிற்றை மடக்கி எழுந்து மேலே இருக்கிற வாளியில் ஊற்றுகிற பயிற்சியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மாடியில் துணிக்கொடிக் கம்பி இருக்கிறது. நான் அதைப் பார்த்தேன், என் மனைவி என்னைப் பார்த்தாள், அந்த விஷயம் அதோடு முடிந்தது.

இரண்டாம் வாரம்

இந்த வாரம் முழுக்கக் கை மட்டும்தான். குடிகாரச் சண்டையின் அடையாளமே அந்தக் கைதான்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சின்ன மதுக்கிண்ணத்தைப் பிடித்த மாதிரி வளைந்திருக்கும், மற்ற மூன்று விரல்களும் உள்ளே மடங்கியிருக்கும். பார்ப்பதற்கு யாரோ ‘இன்னொரு ரவுண்டு’ கேட்கிற மாதிரி இருக்கும். ஆனால் அந்த வளைவு தொண்டையைப் பிடிப்பதற்கும், மணிக்கட்டைக் கொக்கி போட்டு இழுப்பதற்கும், விரல் முட்டியால் குத்துவதற்கும் ஆனது.

காற்றைப் பிடித்துக்கொண்டு செய்தால் தப்பு தெரியாது என்று சின்ன எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் வைத்துக்கொண்டேன். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். என்னுடையது பாதிக்குடம், முதல் மூன்று நாள் தளும்பிக்கொண்டே இருந்தது. மணிக்கட்டில் தப்பு என்று நினைத்து அதையே திருத்திக்கொண்டிருந்தேன். நான்காம் நாள்தான் புரிந்தது. தள்ளாடுவதாக நினைத்துக்கொண்டு நான் தலையை ஆட்டியிருக்கிறேன். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், ஜாக்கியின் தோள் சாய்கிறது, இடுப்பு எங்கோ போகிறது, ஆனால் முட்டி எப்போதும் மடங்கியே இருக்கிறது. பாரம் எந்தக் கால்மேல் இருக்கிறது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. நிஜக் குடிகாரனுக்கு முதலில் போவது அதுதான். தள்ளாட்டம் மேல்பாதியில் நடக்கிற நாடகம், கீழ்ப்பாதியில் குதிரை நிலை அப்படியே இருக்கிறது. முதல் வாரம் தொடை நடுங்கியது வீண் இல்லை என்று அன்றைக்குத்தான் சமாதானம் ஆனேன்.

பத்தடி தள்ளாடி நடந்து திரும்பி வரும்போது டம்ளரில் பாதிக்குப் பாதி தண்ணீர் மிச்சம். அன்றைய நோட்டில் நட்சத்திரம் போட்டேன்.

மூன்றாம் வாரம்

எட்டு சித்தர்கள். நமக்குப் பதினெட்டு, சீனாவின் தாவோ மரபில் எட்டு. முதல் படத்தில் கிழவர் சொல்லித் தருவது இந்த எட்டுப் பேரின் பெயரில் அமைந்த எட்டு வரிசைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு தனித்தன்மை உண்டு. லீ தியேகுவாய் ஒரு கால் நொண்டி, மற்றக் காலில்தான் அடி. ஹான் சியாங்சி புல்லாங்குழல்காரர், மணிக்கட்டுப் பலம். ஹான் சொங்லி பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பவர், சாவ் குவோச்சியு தொண்டையைப் பிடிப்பவர், சாங் குவோலாவ் இரட்டை உதைக்காரர். இப்படிப் பெயரும் உருவமும் இருப்பதால் மனதில் நிற்கிறது. குச்சி மனிதர்களாக நோட்டில் வரைந்துகொண்டேன். கேமராவும் உதவுகிறது. தள்ளி நின்று, தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி, நான்கைந்து அசைவுகளை வெட்டாமல் காட்டுகிறது. ஒரு காட்சியை ஓடவிட்டால் ஒரு பாடம் கிடைத்துவிடுகிறது.

புல்லாங்குழல்காரர் எனக்கு ஓரளவு வந்தார். நொண்டிக்காரர் வரவேயில்லை, ஒற்றைக் காலில் மூன்று விநாடிதான். சாங் குவோலாவின் இரட்டை உதையை நான் முயலவில்லை, கீழ் வீட்டுக்காரர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நோட்டில் ஏழு படம் வரைந்திருந்தேன். எட்டாவது ஹே சியாங்கு, பெண் சித்தர். அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

நான்காம் வாரம்

இரண்டாம் பாகம். பதினாறு வருட இடைவெளியில் எல்லாமே மாறிவிட்டது. கிழவர் சோ இல்லை, முந்தைய கதையின் தொடர்ச்சியும் இல்லை. 24 வயதில் பையனாக நடித்த ஜாக்கி 39 வயதிலும் பையன்தான். அப்பாவாக வரும் டி லுங் அவரைவிட எட்டு வயதுதான் மூத்தவர். சித்தியாக வரும் அனிதா முய் அவரைவிட ஒன்பது வயது இளையவர்! இதெல்லாம் கணக்குப் போட்டால்தான் இடிக்கும், பார்க்கும்போது இடிக்காது, காரணம் அனிதா முய். மாஜாங் என்கிற சீனச் சூதாட்டம் ஆடுவதும், கணவர் வந்ததும் பத்தினி முகம் போடுவதும், சண்டைக்கு நடுவே மகனுக்குக் குடிக்கப் புட்டிகளை வீசுவதும் அபாரம். முதல் படத்தில் சிரிப்பெல்லாம் கிழவர் பொறுப்பு, இதில் இந்த அம்மா பொறுப்பு.

இயக்குநர் லாவ் கார்-லியுங். இவருடைய அப்பா, லாம் சாய்-விங்கின் மாணவர். அந்த லாம் சாய்-விங் நிஜ வோங் ஃபெய்-ஹுங்கின் மாணவர். அதாவது தன் பரம்பரையின் ஆசானைப் பற்றியே படம் எடுத்திருக்கிறார். அறுபது வயதை நெருங்கும்போது, படத்தில் ரயில் பெட்டிக்கு அடியில் குனிந்துகொண்டு ஜாக்கியோடு சண்டையும் போடுகிறார். குனிந்து நிமிரக்கூட இடமில்லாத இடத்தில் ஈட்டி. அதைப் பார்த்துவிட்டு என் இடுப்பைப் பற்றிப் புகார் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் பயிற்சி? இங்கேதான் சிக்கினேன். இந்தப் படத்தில் அவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை, ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவன். தேநீர்க்கடையில் கோடாரிக் கும்பல் அலையலையாக ஏறி வரும்போது கையில் இருக்கிற நீள மூங்கில் நுனி பிளந்து, பிளந்த சிம்புகளே ஆயுதமாகிவிடுகின்றன. ஒருவன் முகத்துக்கு நேரே அவை விசிறி மாதிரி விரிகிற அந்த ஒரு கணத்தை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேனோ தெரியாது. குறிப்பு எழுத மட்டும் முடியவில்லை. அசைவுக்குப் பெயர் இல்லை. எதிராளி என்ன செய்கிறானோ அதற்குப் பதில், அந்தப் பதிலுக்கு இன்னொரு பதில். தனியாக மொட்டைமாடியில் நிற்கிறவனுக்கு அதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

விழுவதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குடித்துவிட்டு ஜாக்கி பின்பக்கமாகச் சரிந்து, அதே வேகத்தில் உருண்டு எழுகிற இடம். பழைய மெத்தையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் இரண்டு தடவை நன்றாக வந்தது. மூன்றாவது தடவை மெத்தை நகர்ந்துவிட்டது, நான் நகரவில்லை. வால் எலும்பில் அடி. நான்கு நாள் குஷன் போட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆபீஸில் கேட்டவர்களிடம் வண்டியில் பள்ளத்தில் விட்டேன் என்று சொல்லிவைத்தேன்.

ஐந்தாம் வாரம்

படுத்துக்கொண்டு பார்த்த வாரம். இரண்டு உச்சக்கட்டச் சண்டைகளையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். இரண்டு வில்லன்களுமே கால்காரர்கள். முதலில் ஹ்வாங் ஜாங்-லீ, கொரியர், டேக்வாண்டோ. இரண்டாவதில் கென் லோ, அப்போது ஜாக்கியின் நிஜ மெய்க்காப்பாளர். தூக்கிய காலைக் கீழே வைக்காமலே மேலும் கீழுமாக அவர் உதைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஹான் சியாங்சிகூட மறந்துவிடுகிறார். குடிகாரச் சண்டைக்குக் கால்காரன்தான் சரியான எதிரி என்று தோன்றுகிறது. அவன் ஆயுதம் உயரத்தில், இவன் பிழைப்பு தரையில்.

வித்தியாசம் மதுவில் இருக்கிறது. முதல் படத்தில் குடி ஒரு வேஷம். சாடியில் இருந்து குடிப்பான், சித்தர்களை ஒவ்வொருவராக அழைப்பான், சண்டை ஒரு கச்சேரி மாதிரி வரிசையாகப் போகும். இரண்டாவதில் குடி எரிபொருள். இரும்பாலையில் அடிபட்டுக் களைத்தவன் தொழிற்சாலை ஆல்கஹாலை எடுத்துக் குடிக்கிறான். முகம் சிவக்கிறது, வாயில் குமிழி வருகிறது, வலி தெரிவதில்லை. நெருப்புக் கரிமேல் பின்னோக்கித் தவழ்கிற காட்சியை ஜாக்கி நிஜமாகவே செய்தார், கடைசியில் பெயர்கள் ஓடும்போது அதைப் படமாக்கியதையும் காட்டுகிறார்கள். லாவ் கார்-லியுங் பாதியில் விலகிவிட, இந்தச் சண்டையை ஜாக்கியே இயக்கினார். அது தெரிந்து பார்த்தால், கிண்ணம் பிடித்த கை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய், வெறும் அடியும் தாங்குதலும் மட்டும் மிஞ்சுவது கண்ணில் படுகிறது.

நான் முதலில் பார்த்தது 2000-இல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில டப்பிங் பதிப்பு. அதில் வெற்றியோடு படம் முடிந்துவிடும். ஹாங்காங் பதிப்பில் இன்னொரு சின்னக் காட்சி உண்டு: அந்த ஆல்கஹாலால் கண் போய், புத்தியும் போய் நிற்கிறான் நாயகன். அதைச் சிரிப்புக்காக எடுத்திருக்கிறார்கள், அமெரிக்காவில் வெட்டிவிட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் படம் முழுக்க அப்பா குடிக்காதே குடிக்காதே என்று சொன்னதற்கு அந்தக் காட்சியில்தான் அர்த்தம் வருகிறது. இருந்தால் உறுத்துகிறது, இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது.

அப்போ தீர்ப்பு? கண்ணால் பார்க்க இரண்டாவது, இன்றும் சந்தேகமே இல்லை. மூங்கில் சண்டைக்கு ஈடாக முதல் படத்தில் எதுவும் கிடையாது. ஆனால் ஐந்து வாரத்தில் என் நோட்டில் நிரம்பிய பக்கமெல்லாம் முதல் படத்தால் நிரம்பியது. அதில் கிழவர் சொல்லிக்கொடுத்தது பையனுக்கு மட்டும் இல்லை. முன்பு இழுவை என்று ஓட்டிவிட்டுப் பார்த்த பயிற்சிக் காட்சிகளை இப்போது ஓட்டுவதில்லை.

ஆறாம் வாரம்

முதல் படத்தின் கடைசிச் சண்டையில், ஏழு சித்தர்களும் தீர்ந்த பிறகு கிழவர் எட்டாவதைப் போடச் சொல்கிறார். பையன் முழிக்கிறான். பெண்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று அதை அவன் பழகவேயில்லை. வேறு வழியில்லாமல் அங்கேயே சொந்தமாக ஒன்றைக் கட்டி, ஒய்யாரமாக இடுப்பை ஆட்டிக்கொண்டே அடித்து ஜெயிக்கிறான்.

இந்தக் காட்சியை ஆறு வாரத்தில் குறைந்தது பத்துத் தடவை பார்த்திருப்பேன். சனிக்கிழமை என் மகள் நோட்டைப் புரட்டிக்கொண்டே, “ஏழுதானே இருக்கு, எட்டாவது எங்கப்பா?” என்று கேட்டபோதுதான் காலிப் பக்கம் நினைவுக்கு வந்தது. எதிர் மாடியில் தினமும் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். காரணம் அவர்தான் என்று மழுப்பினேன்.

ஞாயிறு காலை அவளும் மாடிக்கு வந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு, படத்தில் பார்த்த மாதிரியே கண்ணாடி பார்ப்பது போல ஒரு கை, கூந்தல் கோதுவது போல ஒரு கை, ஆறடி நடந்து திரும்பினாள். தண்ணீர் சிந்தவில்லை. அப்புறம் என் முறை. எதிர் மாடிக்காரர் ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு நின்று பார்த்தார்.

“இடுப்பு அசையவே இல்லப்பா” என்றாள். “திரும்பப் போங்க.”

நோட்டில் எட்டாவது பக்கத்தை அவளே வரைந்தாள். குச்சி மனிதனுக்குப் பொட்டு வைத்திருக்கிறாள். என் குதிரை நிலை இன்று காலை இரண்டு நிமிடம் ஐந்து விநாடி.