டோரிஸ் டேக்கு ஆண்குரல் வந்த கதை

நியூஜெர்சி மாப்பிள்ளை இந்த முறை சாக்லேட்டோடு நிற்கவில்லை. அங்கே யாரோ வாசலில் கடை பரப்பி விற்ற ஆர்.சி.ஏ. விக்டர் 45 ரெக்கார்டு பிளேயரை, வேட்டிகளுக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்துவிட்டார். 1950 வாக்கில் வந்த பேக்கலைட் பெட்டி. நடுவில் தடியாக ஒரு தண்டு. அதில் ரெக்கார்டுகளை அடுக்கிவிட்டால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக விழும்.

நங்கநல்லூர் ஜனம் முழுக்கக் கூடத்தில். பெரியப்பா 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினார். வால்வு சூடாகி, தட்டு சுற்றி, அமெரிக்கப் பாடகி டோரிஸ் டே பாட ஆரம்பித்தார். பாடியது பி.பி.ஸ்ரீநிவாஸ்.

மாப்பிள்ளை முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. "வோல்டேஜ் பத்தலை மாமா" என்றார். பத்தாமலா? டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஃப்ரீக்வென்சியை, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை அலை அடிக்கிறது என்பதை, மாற்றாது. அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. இந்த மோட்டாருக்கு வேகம் கொடுப்பது ஹெர்ட்ஸ்தான். ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்ற வேண்டியது 37.5 சுற்றும். 2 நிமிடப் பாட்டு 2 நிமிடம் 24 வினாடி இழுக்கும். ஐந்து கட்டையில் பாடுகிறவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். பாவம், டோரிஸ் டே என்ன செய்வார்!

மாப்பிள்ளை விடுவதாக இல்லை. பெட்டியோடு வந்த ஸ்ட்ரோப் அட்டையை (சுற்றிலும் கோடு போட்டது; விளக்கு வெளிச்சத்தில் கோடு அசையாமல் நின்றால் வேகம் சரி என்று அர்த்தம்) தட்டில் வைத்து, "பாருங்க, கோடு ஏறக்குறைய நிக்குது, ஸ்பீடு சரி" என்று சாதித்தார். அது அமெரிக்க அட்டை. 45க்கு 160 கோடு. 60 ஹெர்ட்ஸ் விளக்கு அலைக்கு இரண்டு வீதம் நொடிக்கு 120 தடவை மினுக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு. நம்மூர் விளக்கு 100 தடவைதான் மினுக்கும், அதனால் 37.5 சுற்றிலும் கோடு சமர்த்தாக நிற்கும். குற்றவாளியும் சாட்சியும் ஒரே ஊர்க்காரர்கள். இங்கே வேண்டியது 133 கோடு போட்ட 50 ஹெர்ட்ஸ் அட்டை. அதையும் பெரும்பாலான எல்.இ.டி. பல்பில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அவை அப்படி மினுக்காது. பழைய சோக் போட்ட டியூப்லைட் வேண்டும். வீட்டிலேயே அது மிச்சமிருந்த இடம் கொல்லைப்புறக் குளியலறை வாசல். அமெரிக்கப் பொக்கிஷம் பக்கெட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போய்வந்த தம்பி, "நடு ரப்பர் வீலைப் பெரிசா மாத்திட்டா வேகம் கூடும்" என்று கண்டுபிடித்துச் சொன்னான். எல்லோரும் விழும் பள்ளம் அதுதான். மோட்டார் ஷாஃப்ட் ரப்பர் வீலைத் தேய்க்கிறது, வீல் தட்டின் உள்விளிம்பைத் தேய்க்கிறது. நடுவில் இருக்கும் வீல் என்ன சைஸாக இருந்தாலும் வேகம் மாறாது. மாற்ற வேண்டியது ஷாஃப்ட்டின் விட்டம். 20 சதவீதம் கூட்ட வேண்டும்: 5 மி.மீ. என்றால் 6 மி.மீ., அதாவது அரை மி.மீ. கனத்தில் ஒரு பித்தளை உறை. சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை மாட்டியும் ஒப்பேற்றலாம். ஆனால் கனம் ஒரே சீராக வராது, பாட்டு அலைபாயும். உறை 0.1 மி.மீ. பிசகினாலே வேகம் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் மாறும். கச்சேரிக்குப் போகிற காது உடனே முகம் சுளிக்கும். உறையைச் சுத்தியால் தட்டி ஏற்றினால் ஷாஃப்ட் வளையும், அப்புறம் மோட்டாரையே மறந்துவிடலாம். ஏற்றிய பின், மெஷினை நிறுத்தியதும் ரப்பர் வீல் ஷாஃப்ட்டை விட்டு விலகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒட்டியே நின்றால் ரப்பரில் பள்ளம் விழுந்து, சுற்றுக்குச் சுற்று 'டொக்' கேட்கும்.

லேத் பட்டறைக்காரர் 0.5 மி.மீ. என்றதும் பெரியப்பாவை ஏற இறங்கப் பார்த்தாராம். அது தனிக் கதை.

முக்கியமான ஒன்று. அந்தக் காலத்து மலிவு விலை பிளேயர்கள் பலவற்றில் கரண்ட் நேராக உலோகச் சட்டத்திலேயே இருக்கும். கடையில் விற்கும் ஸ்டெப்-டவுன் பெரும்பாலும் ஒரே சுருள் உள்ள ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அது ஷாக்கைத் தடுக்காது. தனித்தனிச் சுருள் உள்ள ஐசொலேஷன் வகை வாங்குங்கள். 70 வயசுப் பேப்பர் கெபாசிட்டர்களை மாற்றாமல் பிளக்கைச் சொருகாதீர்கள். கூடத்தில் அன்றைக்கு ஒன்றும் ஆகாமல் போனது பெரியம்மா வெள்ளிக்கிழமை விடாமல் செய்கிற பூஜையால்தான். வேறு காரணம் தெரியவில்லை. ஊசியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் கிரிஸ்டல் வகையாக இருந்தால் அது ரோஷேல் உப்பு; சென்னைக் காற்றில் ஈரம் குடித்துச் செத்துவிடும். செராமிக் போடுவது உத்தமம். ஊசி துள்ளுகிறதே என்று அதன் தலையில் காசு வைப்பதும் வேண்டாம். அமெரிக்கர்கள் ஒரு சென்ட்டை வைத்துத்தான் ரெக்கார்டின் பள்ளத்தைச் சுரண்டினார்கள், பெரியப்பா ஐந்து ரூபாயை வைத்தார்.

இத்தனைக்கும் டோரிஸ் டே ரெக்கார்டு கொலம்பியா கம்பெனியுடையது. 1948இல் கொலம்பியா 33⅓ சுற்று எல்.பி.யை இறக்க, 1949இல் ஆர்.சி.ஏ. வீம்புக்கு 45ஐ இறக்கியது, குழந்தைப் பாட்டுக்கு மஞ்சள், நாட்டுப்புறத்துக்குப் பச்சை, சாஸ்திரியத்துக்குச் சிவப்பு என்று வண்ண வண்ணமாக. கடைசியில் இருவரும் ஒருவர் தட்டை ஒருவர் போட்டுக்கொண்டார்கள். சம்பந்திச் சண்டை மாதிரிதான்.

உறை ஏறியது, 133 கோடும் நின்றது. டோரிஸ் டே 1956இல் பாடிய 'கே செரா செரா' அச்சு அசலாக வந்தது. மாப்பிள்ளை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

பெரியம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "நேத்திக்குப் பாடினவர் எங்கே?" என்றார்.

விஷயம் இதுதான். அந்த மெட்டைத்தான் 1957இல் 'ஆரவல்லி' படத்தில் 'சின்னப் பெண்ணான போதிலே' என்று போட்டார்கள். முந்தின நாள் முழுக்க மூன்று கட்டையில் அது ஓட ஓட, பெரியம்மா காய் நறுக்கிக்கொண்டே கூடவே பாடியிருக்கிறார். "இவ ரொம்ப மேலே பாடறா. எனக்கு இப்போ அவ்வளவு தூரம் தொண்டை எட்டாதுப்பா."

பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். உறையைப் பசை போட்டு ஒட்டாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.