பச்சை ரோட்ஸ்டரும் என் குறுகிய கார் ஷெட்டும்

கார் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் நல்ல மழை பெய்தது. மறுநாள் காலையில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கம்பளத்தின் மேல் கையை வைத்து அழுத்தினேன். விரலிடுக்கில் பழுப்புத் தண்ணீர் ஊறி வந்தது. அதற்கு முந்தைய இரவுதான் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இந்தக் காருக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி முடித்திருந்தேன்: மர ஸ்டீயரிங், உயரம் குறைந்த ஸ்பிரிங்குகள், பெரிய சக்கரங்கள், சற்றே உறுமும் சைலென்சர். தண்ணீர் என்ற சொல் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து இப்போது அந்தத் தாளை எடுத்துப் பார்க்கிறேன். நான்கில் ஒன்றுதான் நிறைவேறியிருக்கிறது.

கார் 1992-ஆம் ஆண்டு தயாரான யூனோஸ் ரோட்ஸ்டர். உலகின் பிற பகுதிகளில் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்றும் அமெரிக்காவில் மியாட்டா என்றும் அறியப்படும் அதே இரு இருக்கை வண்டிதான். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானைப் போலவே நான் வாழும் பிரிட்டனிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதால், ஜப்பானில் ஓடிப் பழகிய கார்கள் பிற்பாடு கப்பலேறி இங்கே நிறைய வந்தன. என்னுடையதும் அப்படி வந்ததே. 1.6 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், எடை ஏறத்தாழ 950 கிலோ. இதை உருவாக்கும் திட்டத்துக்குத் தலைமை வகித்த தோஷிஹிகோ ஹிராய், குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஓருடலாவதைக் குறிக்கும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரைத் தன் குழுவினருக்கு இலக்காக வைத்தார். அந்த எடையைக் கூட்டும் எதையும் இந்தக் காரில் பொருத்துவதில்லை என்று நான் முடிவெடுத்ததற்கு அந்தத் தொடரும் ஒரு காரணம். பணம் இல்லாதது இன்னொன்று.

மீண்டும் தண்ணீருக்கு வருகிறேன். இந்தக் காரின் மடிப்புக் கூரையின் மேல் விழும் மழை, கூரையின் அடிவிளிம்பில் இருக்கும் ஒரு பள்ளத்தில் சேர்ந்து, இருக்கை வார் தூண்களுக்குப் பின்னால் இடமும் வலமும் இருக்கும் இரண்டு துளைகள் வழியே கீழிறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரையில் சொட்ட வேண்டும். துளைகளில் இலைச் சருகும் தூசியும் அடைத்துக்கொண்டால், தண்ணீர் பாதி கம்பளத்துக்கும் பாதி கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தின் உள்ளுக்கும் போகும். அந்தச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிப்பதால், வெளியே பெயின்ட் கொப்பளிக்கும் நாளில் உள்ளே தகரம் என்று சொல்ல அதிகம் மிஞ்சியிருப்பதில்லை. கம்பியை விட்டுக் குத்தினால் குழாய் கிழிந்துவிடக்கூடும் என்பதால், புல்வெட்டும் கருவிக்கு வாங்கிய தடித்த நைலான் நூலை அரை மீட்டர் வெட்டி, நுனியைத் தீயில் காட்டி மழுங்கவைத்து, மெல்லச் சுழற்றி உள்ளே விட்டேன். முதலில் கறுப்புச் சேறு வந்தது. பிறகு ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டுக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு ‘களக்’ என்று ஒரு சத்தத்தோடு எல்லாம் என் தோளில் கொட்டியது.

துரு விஷயத்தில் எனக்கு முன்பே யாரோ கைவைத்திருந்தார்கள். வலப்பக்கச் சட்டத்தின் பின்முனையில் ஒரு காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையளவு பட்டி பூசி, அதன் மேல் பச்சை பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். வீட்டில் செய்யக்கூடிய வேலைக்கும் செய்யக்கூடாத வேலைக்கும் ஒரு கோடு உண்டு. என்னைப் பொறுத்தவரை அது வெல்டிங்கில் முடிகிறது. இரண்டு பக்கமும் அழுகிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்துத் தர ஒருவரிடம் விட்டேன். மேலுக்கு பெயின்ட் அடித்ததும், சட்டத்தின் உள்ளறைகளுக்குள் நீண்ட குழாய் வைத்து மெழுகு தெளித்ததும் நான். குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்புத் தூவும் நாட்டில் அந்த மெழுகு இல்லாமல் பழைய காரை வைத்திருப்பது வீண்செலவு.

கூரையையே மாற்றியது அடுத்த கோடையில். பழைய கூரையின் பின்ஜன்னல் கண்ணாடியன்று, பிளாஸ்டிக். மடிப்பதற்கு முன் அதன் ஜிப்பைத் திறந்து தட்டையாகப் படுக்கவைக்காதவர்கள் கையில் பல ஆண்டுகள் இருந்ததால், குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்து, பின்னால் வரும் வண்டியின் விளக்கு மட்டும் தெரியும், வண்டி தெரியாது. 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரின் கூரை கண்ணாடி ஜன்னலுடையது; அது இந்த முதல் தலைமுறைக் காரிலும் அப்படியே உட்காரும். இது மாஸ்டா ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இருக்கைகளைக் கழற்றி, பின் அலமாரிக் கம்பளத்தை உரித்து, கூரையின் அடிவிளிம்பை இறுக்கிப் பிடிக்கும் மூன்று உலோகப் பட்டைகளின் 10 மில்லிமீட்டர் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூலையில் இருக்கும் நட்டுகளைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலையில் தொடங்கிய வேலை ஞாயிறு இருட்டும்போது முடிந்தது. புதுத் துணிக்கூரை விறைப்பாக இருந்ததால் முன்பக்கக் கொக்கிகள் கடைசி இரண்டு விரலளவுக்கு எட்டவே இல்லை. நானும் என் மனைவியும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்து மாட்டி, மறுநாள் முழுவதும் வெயிலில் அப்படியே விட்டோம். துணி தானாகத் தளர்ந்து கொடுத்தது.

அந்தக் கண்ணாடியில் பனிமூட்டம் நீக்கும் சூடேற்றுக் கம்பிகள் இருந்தன. என் காரில் அதற்கான வயரிங் இல்லை. ஆனால் இந்தக் காரில் பேட்டரி பானட்டுக்குக் கீழே இல்லாமல் பின்னால் டிக்கியில் இருப்பதால், ஒரு ரிலேயும் ஒரு பியூசும் ஒன்றரை மீட்டர் வயரும் போதுமானதாயிற்று. இந்த மூன்று ஆண்டுகளில் நான் செய்த வேலைகளில் மிகவும் திருப்தி தந்தது எது என்று கேட்டால், நவம்பர் மாதக் காலையில் அந்தக் கண்ணாடி கோடு கோடாகத் தெளிவதைத்தான் சொல்வேன். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

வயரிங் என்றதும் முந்தைய உரிமையாளர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரேடியோவை வெளியே இழுத்தபோது, வெட்டப்பட்ட ஏழு வயர்கள் வெறுமனே முறுக்கப்பட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டு, டேப்பின் பசை உருகி எல்லாம் ஒரே பிசுபிசுப்பாக இருந்தன. டிக்கி மூடியில் ஒரு பிளாஸ்டிக் இறக்கையைப் பொருத்துவதற்காக நான்கு துளைகள் போட்டிருந்தார்கள். வேறொருவர் தன் ரசனைக்கேற்ப அலங்கரித்ததை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்ததிலேயே என் முதல் குளிர்காலம் கழிந்தது. அப்போது மனதில் ஒன்றை உறுதி செய்துகொண்டேன்: நான் பொருத்தும் எதுவும் ஸ்பேனரால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், அதற்காகத் தகரத்தில் ஒரு துளைகூட விழக்கூடாது, கழற்றிய பாகம் பெயரெழுதி ஒரு பெட்டிக்குள் போக வேண்டும்.

இனி சஸ்பென்ஷன். கார் வளைவுகளில் அலைபாய்ந்தது, மேடுகளில் ‘டொக்’ என்றது. உயரம் குறைந்த ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த பிறகுதான், சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டுகளில் இருக்கும், முப்பது ஆண்டு வயதான ரப்பர் புஷ்கள் வெடித்துப்போயிருப்பதும், ஷாக் அப்சார்பர்களில் ஒன்று எண்ணெய் கக்கியிருப்பதும் தெரிந்தன. இந்தக் காரில் ஸ்பிரிங் மேலும் கீழும் நகர்வதற்கான இடமே குறைவு; அதை இன்னும் தாழ்த்தினால், கார் பெரும்பாலான நேரம் ஸ்பிரிங்கில் நிற்காமல் முட்டுத்தாங்கும் ரப்பர் கட்டையில் நின்றுகொண்டு ஓடும். தொழிற்சாலை உயரத்திலேயே விட்டுவிட்டு, புது ஷாக் அப்சார்பர்களும் புது ரப்பர் புஷ்களும் வாங்கினேன். ரப்பருக்குப் பதிலாக, அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போடச் சொன்ன நண்பர்கள் உண்டு; அவர்கள் கார்கள் கிறீச்சிடுகின்றன.

சக்கரக் கோணத்தைத் திருத்துவதற்கென்று சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைகளில் நீளமான எட்டு போல்ட்டுகள் இருக்கின்றன. என் காரில் அவற்றில் மூன்று புஷ்ஷின் உட்குழாயோடு துருவால் ஒன்றிப்போயிருந்தன. துரு இளக்கும் எண்ணெய், வெப்பம், சுத்தியல், கெட்ட வார்த்தை எல்லாம் முயன்ற பிறகு ரம்பத்தால் அறுத்தேன். ஒரு போல்ட்டுக்கு ஒரு மாலை ஆயிற்று.

இதையெல்லாம் பொருத்தி முடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், கார் முன்பைவிட உயரமாக, கால் விரலில் நிற்பதுபோல் நின்றது. சாலையின் ஒவ்வொரு கோடும் முதுகில் தெரிந்தது. ஒரு வாரம் புது ஷாக் அப்சார்பர்களைத் திட்டினேன். தவறு என்னுடையது. ரப்பர் புஷ்ஷின் உள்ளே ஓர் உலோகக் குழாய், வெளியே ஓர் உலோக வளையம், இரண்டுக்கும் நடுவே ஒட்டப்பட்ட ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உட்குழாய் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். நான் காரை ஜாக்கிலிருந்து இறக்கி ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டிருந்தேன். காரைத் தரையில் இறக்கியதும் அத்தனை ரப்பரும் முறுக்கிக்கொண்டு அதைத் திரும்ப மேலே தள்ளிக்கொண்டிருந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, நான்கு சக்கரங்களின் அடியிலும் கனத்த மரப்பலகைகளை அடுக்கி, காரின் முழு எடையும் சக்கரங்களில் இறங்கிய நிலையில் படுத்துக்கொண்டே மறுபடி இறுக்கினேன். கார் இரண்டு விரற்கடை தாழ்ந்தது. நான் முதலில் காசு கொடுத்து வாங்க நினைத்த தோற்றத்தில் பாதி இலவசமாகவே கிடைத்துவிட்டது.

பிரேக் மட்டுமே அசலைவிட மேம்பட்டது என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய மாற்றம். 1.6 லிட்டர் காரின் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர் விட்டமுடையது. பின்னர் வந்த 1.8 லிட்டர் காரில் அது 255. பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பழைய கேலிப்பரையே வைத்துக்கொண்டு, அதைத் தாங்கும் பிராக்கெட்டையும் டிஸ்க்கையும் பேடையும் மட்டும் மாற்றினால் போதும். 14 அங்குல அசல் சக்கரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். உடைப்புக் கடையில் பிராக்கெட்டுகள் கிடைத்தன. இதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்துவிட்டுத்தான் செய்தேன். இந்த நாட்டில் மாற்றங்களைச் சொல்லாமல் மறைத்தால், விபத்து நாளன்று இழப்பீடு கிடைக்காமல் போக வாய்ப்புண்டு. பெரிய சக்கரங்கள் வாங்கும் ஆசை அப்போதே போய்விட்டது. ஆறு கிலோவுக்கும் குறைவான அந்த ஏழு ஆரச் சக்கரத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தவர்கள் அதைக் கழற்றிப் போட மாட்டார்கள்.

கடைசியில் நிறைவேறியது ஸ்டீயரிங். 1990-இல் ஜப்பானில் வந்த வி ஸ்பெஷல் என்ற வகையில், அடர்பச்சை உடலுக்குள் பழுப்புத் தோலும், இத்தாலியின் நார்டி நிறுவனம் செய்த மர ஸ்டீயரிங்கும், மரக் கியர்க் குமிழும் இருந்தன. என் கார் பச்சை, ஆனால் உள்ளே வெறும் கறுப்பு. 2017-இல் மாஸ்டா ஜப்பானில் இந்த முதல் தலைமுறைக் கார்களுக்கான புதுப்பிப்புச் சேவையை அறிவித்தபோது, மீண்டும் தயாரிக்கத் தேர்ந்தெடுத்த பாகங்களில் கூரைத்துணி, 185/60 அளவுள்ள 14 அங்குல டயர், இந்த மர ஸ்டீயரிங் ஆகியவை இடம்பெற்றன. அதைப் படித்த பிறகு என் ஆசைக்கு ஒரு நியாயம் கிடைத்தது.

என் காரில் ஏர்பேக் இல்லாததால் இந்த மாற்றம் எளிது. ஏர்பேக் உள்ள காரில் அதைக் கழற்றிவிட்டு மரத்தை மாட்டுவது அழகுக்காக உயிரைப் பணயம் வைப்பது என்பதே என் கருத்து. நடு நட்டைத் தளர்த்தி, முழுவதும் கழற்றாமல் கடைசிப் புரியில் விட்டுவிட்டுத்தான் ஸ்டீயரிங்கை இழுக்க வேண்டும். இல்லையென்றால் அது திடீரென்று விடுபட்டு மூக்கில் வந்து மோதும். மரத்தின் விளிம்பு மெலிது. பகல் வெயிலில் நிறுத்திய காரில் ஏறிப் பிடித்தால் கறுப்புத் தோல் சுடுவதுபோல் சுடுவதில்லை. கியர்க் குமிழையும் மரத்தில் வாங்கினேன். சைலென்சரைத் தொடவில்லை, கூரையைத் திறந்து ஓட்டும்போது அசல் ஒலியே காதுக்குப் போதுமானது.

தற்போது மிச்சமிருப்பது ஹெட்லைட். இந்தக் காரின் முன்விளக்குகள் பானட்டுக்குள் மறைந்திருந்து, ஸ்விட்சைத் தட்டினால் மேலெழும். இடப்பக்க விளக்கு வலப்பக்கத்தைவிட அரை நொடி தாமதமாக எழுகிறது. அதற்கான மோட்டார் ஆறு வாரங்களுக்கு முன்பே வந்து ஷெட்டின் அலமாரியில் கிடக்கிறது. ஆனால் கார் தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நம்பும் பக்கத்து வீட்டுச் சிறுவன், மாலையில் நான் வரும் நேரத்துக்கு வேலியோரம் வந்து நிற்கிறான். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.