பாவாடை நாடா இருந்த இடம்

முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிற இடத்தில், இடுப்பின் வலப்பக்கம். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் கல்யாணச் சமையலுக்குக் கைவேலைக்குப் போகிறவள் நான். முகூர்த்த நாளில் விடிகாலை 3 மணிக்கு அடுப்படியில் நின்றால் கடைசிப் பந்தி வரைக்கும் நனைந்த சேலைதான். வேர்வையெல்லாம் நாடாவிலேயே ஊறிக் கிடக்கும். படர்தாமரை என்று தெரிந்தது. ஆனால் காட்டுகிற இடமா அது?

மெடிக்கலில் வாயால் சொன்னேன், ஒரு ட்யூப் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே அரிப்பு நின்றுவிட்டது. தடவுவதை விட்டதும் திரும்பி வந்தது, இந்தத் தடவை உள்ளங்கை அகலம். மறுபடி அதே ட்யூப். இப்படியே எட்டு மாதம். நடுவில் பக்கத்து வீட்டு அக்கா பேச்சைக் கேட்டு பூவரசங்காயை உரைத்துப் போட்டேன், எரிச்சல்தான் மிச்சம். அதற்குள் வீட்டுக்காரருக்குத் தொடையிடுக்கில் வந்துவிட்டது, சின்னவளுக்குக் கழுத்தில். அவர் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறைக்குப் போகிறவர். சிமெண்டும் தண்ணீருமாக நாள் முழுக்க ஈரக் கைலி. வீட்டிலோ நாலு பேருக்கும் ஒரே துண்டு.

பிள்ளைக்கு வந்த பிறகுதான் சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா முதலில் கேட்டது அந்த ட்யூபைத்தான். பெட்டியைத் திருப்பி, 'குளோபெட்டசால்' என்ற பெயரில் விரலை வைத்தார். ஸ்டீராய்டாம். சீட்டு இல்லாமல் விற்கவே கூடாதாம். அது அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும்; கூடவே படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையை உடம்பு எதிர்ப்பதையும் அமுக்கிவிடும். பிறகென்ன, அது நிம்மதியாகப் படரும். இடுப்பில் சிவப்பாய் விழுந்த வரிகளை நான் பிள்ளை பெற்ற வரி என்றே நினைத்திருந்தேன். அதுவும் ட்யூப் செய்த வேலை.

படையின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, அந்தச் செதிலைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்ததாம். சர்க்கரையும் பார்த்தார்கள், இல்லை. எனக்கும் அவருக்கும் சாப்பாட்டுக்குப் பின் பூஞ்சைக்கான இட்ராகோனசோல் கேப்சூல், மூன்று பேருக்கும் வேறு களிம்பு. களிம்பைப் படைக்கு வெளியேயும் இரண்டு விரல் அகலம் தள்ளித் தடவச் சொன்னார். மறைந்த பிறகும் இரண்டு வாரம் நிறுத்தக் கூடாது.

பழைய ட்யூபை நிறுத்திய முதல் வாரம் நரகம். நெருப்பாய் எரிந்தது. அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் மறுபடி அதையே வாங்கியிருப்பேன்.

மருந்தைவிடக் கஷ்டம் வெயில்தான். துணியை உள்பக்கம் திருப்பி வெயிலில் காயப்போட வேண்டும். நாங்கள் இருப்பது ஒரே வரிசையில் ஆறு குடித்தனம். சந்தில் 11 மணிக்கு வருகிற வெயில் 1 மணிக்குப் போய்விடும். நான் சமைக்கப் போகிற வீடுகளில் வளவு முற்றம் முழுக்க வெயில் கொட்டிக் கிடக்கும், வற்றல் காய! பாவாடையைச் சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போடத்தான் எங்கள் அம்மா பழக்கியது. இப்போது சந்தில் தனியாகக் கொடி கட்டி நேராகவே போடுகிறேன். முதல் நாள் எதிர்வீட்டுக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாடாவையும் வாரம் ஒன்று மாற்றிக் கொதிநீரில் போடுகிறேன்.

எனக்கும் சின்னவளுக்கும் போய்விட்டது. என் இடுப்பில் கருப்புத் தழும்பு மட்டும் நிற்கிறது. அவர் அரிப்பு நின்ற மூன்றாவது வாரமே, பட்டறை லீவு கிடைக்காது என்று மாத்திரைக்குப் போகாமல் விட்டார். போன மாதம் அதே இடத்தில் வட்டம். அவருக்கு இப்போது மறுபடி முதல் வாரம்.