அப்பாவோட ரிலேயும் என் ஸ்பேனரும்

போன மாசம் இங்க இங்கிலாந்துல ஒரு பழைய ரயில்வே சாமான் ஏலத்துல ஷெல்ஃப் டைப் ரிலே ஒண்ணு எடுத்துட்டேன். ரிலேன்னா கரண்ட் வந்தா காந்தத்தால தானா வேலை செய்ற ஸ்விட்ச், இது அலமாரித் தட்டுல வைக்கிற ரகம். சிப்பன்ஹாம்ல வெஸ்டிங்ஹவுஸ் செஞ்சது. கண்ணாடிப் பெட்டி, உள்ள ரெண்டு காயில் (சுத்தின கம்பிச் சுருள்), அதுக்கு அடியில தொங்குற ஆர்மேச்சர், அதாவது காந்தம் இழுத்தா மேல போற இரும்புத் துண்டு. மீன் தொட்டியான்னு வொய்ஃப் கேட்டா. கனத்தைப் பார்த்தா அம்மிக்கல்லுதான்.

எங்கப்பா சிக்னல் மெயின்டெய்னரா இருந்து ரிட்டயர் ஆனவர். சின்ன வயசுல எங்க வீட்ல மழைன்னாலே எரிச்சல், ஏன்னா ஜல்லியில தண்ணி கட்டிச்சுன்னா ஒரு தண்டவாளத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு கரண்ட் கசிஞ்சு லைன்ல வண்டி இருக்கான்னு பார்க்கிற ட்ராக் ரிலே ட்ராப் ஆயிடும், வண்டியே இல்லாம சிக்னல் ரெட்டுக்குப் போயிடும், ஸ்டேஷன்லேர்ந்து ஆள் வந்து கதவைத் தட்டுவாங்க, அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சும் மீட்டரும் எடுத்துட்டுக் கிளம்புவார். ரிலே ரூமுக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டர்ட்ட, இன்னொண்ணு இவர்ட்ட. ரெண்டு சாவியும் சேர்ந்தாதான் கதவு திறக்கும், எங்க வீட்டு பீரோவுக்குக்கூட அவ்ளோ காவல் கிடையாது.

இந்த ரிலே வேலை செய்ற ஏற்பாட்டுக்குப் பேரு ட்ராக் சர்க்யூட். விஷயம் சிம்பிள்தான். 1872ல வில்லியம் ராபின்சன்னு ஒரு அமெரிக்கர் பேட்டண்ட் வாங்கினது. தண்டவாளத்தை துண்டு துண்டா இன்சுலேட் பண்ணி, ஒரு முனையில பேட்டரி, மறுமுனையில ரிலே. லைன் காலியா இருந்தா கரண்ட் வந்து ஆர்மேச்சரைத் தூக்கி வச்சிருக்கும். வண்டி ஏறுச்சுன்னா சக்கரமும் ஆக்ஸிலும் ரெண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் பண்ணிடும், ரிலே விழுந்துடும். பேட்டரி செத்தாலும் விழும், வயர் அறுந்தாலும் விழும், தண்டவாளம் சுத்தமா உடைஞ்சு விலகினாலும் பெரும்பாலும் விழும். விழுந்தா ரெட்.

அதனால விழ விடாம தடுக்கிற எதையும் உள்ள விட்டுடக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து செஞ்சிருக்காங்க. ஆர்மேச்சர் தன் கனத்துலயே கீழ வரும். காயில்ல மிச்சம் இருக்கிற காந்தத்துல ஒட்டிக்காம இருக்க நடுவுல காந்தம் பிடிக்காத குட்டியூண்டு பின். ஸ்விட்ச் தொடுற முனையான காண்டாக்ட்ல ஒரு பக்கம் கார்பன், உலோகமும் உலோகமும் உருகி ஒட்டிக்கிற வேலையே இல்ல. நம்ம ஊர்ல அப்புறம் வந்த கியூ சீரிஸ் ரிலேவும் இதே வம்சம்தான், போத்தனூர் ஒர்க்‌ஷாப்லயே செய்றாங்க. அதுல பின்னாடி ஒவ்வொரு டைப்புக்கும் தனி அடையாளமா கோட் பின்னுங்க (code pin) வேற இருக்கு, தப்பான ரிலேவ தப்பான இடத்துல சொருகவே முடியாது.

சரி, ஓட்டிப் பாப்போம்னு ஒரு சின்ன செல், ரெண்டு நீள வயர், தண்டவாளத்துக்குப் பதிலா ரெண்டு இரும்பு ஸ்கேல். அப்பா வீடியோ கால்ல. கனெக்‌ஷன் குடுத்ததும் டக்குனு தூக்குச்சு பாருங்க, அந்த சத்தத்துக்கே குடுத்த காசு சரியாப் போச்சு. அடுத்து ஸ்பேனரை ரெண்டு ஸ்கேல் மேலயும் குறுக்க வச்சேன், அதான் என் வண்டி. ரிலே விழுந்துச்சு, ஆனா செல் கையில சுடுது!

“ரெசிஸ்டன்ஸ் எங்கடா?”

மறந்துட்டேன். பேட்டரி பக்கம் சீரியஸ்ல ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கணும், இல்லன்னா வண்டி நிக்கிற நேரம் பூரா பேட்டரி நேரா ஷார்ட்டு. அஞ்சாங்கிளாஸ் பையனைத் திட்டுற மாதிரி திட்டினார். ரெசிஸ்டன்ஸ் போட்டு மறுபடி பண்ணப்ப இன்னொண்ணு கண்ல பட்டுச்சு. வயரைப் பிடுங்கினா டப்புனு விழுது, ஸ்பேனர் வச்சா ஒரு இமைப்பொழுது யோசிச்சு விழுது. ஏன்பான்னு கேட்டா, ஷார்ட் பண்ணும்போது காயில்ல இருக்கிற கரண்ட் அந்த ஸ்பேனர் வழியாவே கொஞ்சம் சுத்திட்டுதான் அடங்கும், வயரைப் பிடுங்கினா அதுக்கு வழியே இல்லன்னாரு. ஷார்ட்டா, வயர் அறுந்ததான்னு மீட்டர் இல்லாம காதாலயே கண்டுபிடிப்பாராம். நம்புறேன்.

அப்புறம் பழைய கதைக்குள்ள போயிட்டார். தண்டவாளத்துக்கு அடியில குறுக்க வைக்கிற ஸ்லீப்பர் கட்டையை வார்ப்பிரும்புல போட்ட லைன்ல இந்த ட்ராக் சர்க்யூட்டே வைக்க முடியாது, ஸ்லீப்பரே ஷார்ட் ஆச்சேன்னு. வண்டி அதிகம் ஓடாத லூப் லைன்ல (ஸ்டேஷன்ல மெயின் லைன்லேர்ந்து பிரிஞ்சு சேர்ற பக்கத்து லைன்) துரு ஏறிட்டா சக்கரம் சரியா ஷார்ட் பண்ணாது, ரிலே பாட்டுக்கு லைன் காலின்னு தூக்கிட்டு நிக்கும், தனக்கு பயம்னா அது ஒண்ணுதான்னார். அதைச் சொல்றப்ப மட்டும் குரல் கொஞ்சம் இறங்குச்சு.

முக்கா மணி நேரம் ஆயிடுச்சு. போனை வைக்கப் போனேன்.

“டேய், அந்த ஸ்பேனரை எடுத்துட்டு வை. வண்டி நிக்குது பாரு.”